‘வீட்டுப் பிரச்சினை’ என்று கோப்பை மூடாதீர்கள், கர்னல் சார்

சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கல்யாண மண்டபம் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் கூடியபோது எல்லோர் கையிலும் ஒரு சிறப்பு மலரைக் கொடுத்தார்கள். பென்ஷன் விவரம், கேண்டீன் கார்டு விவரம், வாழ்த்துச் செய்திகளைத் தாண்டினால் நடுப்பக்கங்களில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரின் நான்கு பக்கக் கட்டுரை. பொருள், படைவீரர் தற்கொலை. படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

கர்னல் சொல்வது இவ்வளவுதான். ஒன்று, படையில் தற்கொலை விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு. பத்திரிகைகள்தான் ஊதிப் பெரிதாக்குகின்றன. இரண்டு, நடக்கிற கொஞ்சநஞ்சமும் மனைவியோடு சண்டை, கடன், பங்காளித் தகராறு என்று ஊரிலிருந்து வருவது. அதற்குப் படை என்ன செய்யும்? மூன்று, அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லை. மனோதிடம் இல்லாதவனை ஆளெடுப்பிலேயே கழித்துவிட வேண்டும். கவுன்சலிங், ஆராய்ச்சி என்று ஆரம்பித்தால் ஜவான் தொடைநடுங்கியாகிவிடுவான். நான்கு, சாவது என்று முடிவெடுத்தவனை யாராலும் தடுக்க முடியாது. அமெரிக்கா கோடி கோடியாகக் கொட்டி என்ன கண்டது?

அவர் பெயரை எழுதப்போவதில்லை. இது அவர் ஒருவருடைய கருத்தும் இல்லை. நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் வாசிக்கிற பதிலும் ஏறக்குறைய இதேதான். நான் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவன். சர்வீஸில் கர்னலுக்கு எதிர்ப்பேச்சுப் பேசும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. இப்போது இரண்டு பேரும் சிவிலியன்கள், பேசலாம்.

முதலில் கணக்கு. 2022 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு கொடுத்த பதிலின்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் முப்படைகளிலும் தற்கொலையால் இறந்தவர்கள் 819 பேர். தரைப்படையில் 642, விமானப்படையில் 148, கடற்படையில் 29. தரைப்படையின் பலம் சுமார் 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு லட்சத்துக்குப் பத்துப் பதினொரு பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாட்டின் சராசரி 12.4. ஆகவே கர்னலின் முதல் வாக்கியம், தரைப்படையைப் பொறுத்தவரை, பொய்யில்லை. அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவுதான் பொய்.

அந்த 12.4-க்குள் யார் யார் இருக்கிறார்கள்? தீராத வியாதிக்காரர், குடியில் விழுந்தவர், வேலை போனவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், மனநோய்க்கு மருந்து வாங்கக் காசில்லாதவர் எல்லோரும் இருக்கிறார்கள். தரைப்படையின் எண்ணுக்குள் இருப்பவர்களோ ஓடவிட்டு, எடைபோட்டு, கண்ணிலிருந்து கால்விரல்வரை பார்த்துத் தேர்ந்தெடுத்த இளைஞர்கள். மாதம் பிறந்தால் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, பக்கத்திலேயே டாக்டர். இப்படிச் சலித்தெடுத்த கூட்டத்தின் விகிதம், சலிக்காத கூட்டத்தின் விகிதத்துக்கு அருகில் வந்து நிற்பதே அபாயம். தொற்றுநோயியல் படிக்கிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தருகிற எச்சரிக்கை இது. வேலை பார்க்கும் அளவுக்கு ஆரோக்கியமானவர்களை ஊர் முழுவதோடு ஒப்பிட்டு மார்தட்டக் கூடாது.

விமானப்படைக்கு வருவோம். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் சத்தம் கேட்டு வளர்ந்த பகுதி இது. கர்னல் அந்த எண்ணைத் தொடவே இல்லை. ஐந்தாண்டில் 148 என்றால் ஆண்டுக்குச் சுமார் 30. படையின் பலம் ஒன்றரை லட்சத்துக்குள். லட்சத்துக்கு 20-ஐத் தொடுகிறது; நாட்டின் சராசரியைவிட அதிகம். கடற்படையில் ஆண்டுக்கு ஆறு பேர்கூட இல்லை. எண்கள் சிறியவை, கவனமாகத்தான் கையாள வேண்டும். ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. தரைப்படை, விமானப்படை, கடற்படை மூன்றுக்கும் ஆள் போவது இதே கிராமங்களிலிருந்துதான். பங்காளித் தகராறும் கடனும் மூன்று சீருடைக்கும் பொது. காரணம் முழுக்க வீட்டில்தான் என்றால் மூன்று படைகளின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? ஒன்றாக இல்லை. அப்படியானால் வீட்டுக்கும் சாவுக்கும் நடுவில் படை ஏதோ செய்கிறது, அல்லது செய்யத் தவறுகிறது. அது என்ன என்று தேடுவதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி. கர்னல் வேண்டாம் என்கிறாரே, அதுதான்.

பத்திரிகைகள் ஊதிவிட்டன என்ற புகாருக்கும் பதில் இருக்கிறது. 1870-ல் தொடங்கி இன்று தில்லியில் இயங்கும் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன், படை அதிகாரிகளே கூடி நடத்தும் அமைப்பு. அங்கே 2019-20-ல் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக்கு மேற்பட்ட படையினர் கடும் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள், ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் தற்கொலை முதலிய சம்பவங்களில் போகிறார்கள் என்றது அந்த ஆய்வு. எழுதியவரும் ஒரு கர்னல்தான். 2021 ஜனவரியில் செய்தி வெளியானதும் தரைப்படை அதை மறுத்தது; சுமார் 400 பேரை மட்டும் கேட்டு எழுதிய ஆய்வு என்றது. இணையதளத்திலிருந்து ஆய்வு காணாமல் போனது. 2023 அக்டோபரில் அதே தரைப்படை வேறொரு சர்ச்சையில் வெளியிட்ட அறிக்கையில், 2001 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 100 முதல் 140 வீரர்கள் தற்கொலையாலும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டதாலும் இறக்கிறார்கள் என்று தானே ஒப்புக்கொண்டது. 400 பேர் போதாது என்றால் 4,000 பேரைக் கேட்டிருக்கலாமே. யார் தடுத்தார்கள்? சிறிய ஆய்வுக்குப் பதில் பெரிய ஆய்வுதான். ஆய்வைத் தூக்கி ஒளித்துவைப்பது அல்ல.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். கட்டுரையின் முதுகெலும்பே இதுதான்: எல்லாம் வீட்டுப் பிரச்சினை. இதற்கு ஆதாரமாகக் கர்னல், மத்திய ஆயுதக் காவல் படைகள் பற்றிய உள்துறையின் தகவலை எடுத்துக்காட்டுகிறார். 2024 டிசம்பரில் மாநிலங்களவையில் சொன்னது அது. ஐந்தாண்டில் 730 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் லீவ் முடிந்து திரும்பிய பிறகு. பார்த்தீர்களா, ஊருக்குப் போய்ப் பிரச்சினையைச் சுமந்து வருகிறார்கள் என்கிறார். அதே பதிலில் 55,555 பேர் விருப்ப ஓய்விலோ ராஜினாமாவிலோ வெளியேறியதும் இருக்கிறது. அது கட்டுரையில் இல்லை.

சார், அந்த 80 சதவீதத்தை இன்னொரு முறை படியுங்கள். தற்கொலைத் தடுப்பில் மிகக் கடினமான வேலை, ஆபத்து எப்போது வரும் என்று கண்டுபிடிப்பது. உங்கள் கையில் இருப்பது அந்தக் கேள்விக்கான விடை. லீவ் முடிந்து, டிரங்குப் பெட்டியோடு யூனிட் கேட்டில் வந்து இறங்குகிறானே, அங்கிருந்து தொடங்கும் சில வாரங்கள். எந்த நாள், எந்தக் கேட், எந்த ஆள் என்று ரிஜிஸ்டரில் கையெழுத்தோடு இருக்கிறது. வந்து சேர்ந்த அன்று சீனியர் ஜே.சி.ஓ. அவனை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி பேசலாம். அந்த வாரங்களில் தனியான இரவுக் காவலுக்கு அனுப்பாமல் இருக்கலாம். இதற்குக் கோடிகள் வேண்டாம். தடுப்புக்கு வழிகாட்டுகிற தகவலைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற சாக்காக மாற்றியிருக்கிறீர்கள்.

வீட்டு வழக்குக்குப் படை என்ன செய்யும் என்று கேட்கிறீர்கள். வெள்ளைக்காரனுக்கே இதில் உங்களைவிடத் தெளிவு இருந்தது. 1925-லேயே இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் வந்துவிட்டது. எல்லையில் நிற்பவன் கோர்ட்டுக்கு வர முடியாது, அவன் இல்லாத நேரத்தில் பங்காளி தீர்ப்பு வாங்கிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். ஊரில் நடக்கும் நில வழக்கு படையின் கவலையும்தான் என்று நூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தாகிவிட்டது. கமாண்டிங் ஆபீசர் கலெக்டருக்கு எழுதும் கடிதம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், குறைதீர்க்கும் நாள் எல்லாம் அதே எண்ணத்தில் பிறந்தவை. தாசில்தார் ஆபீசில் அந்தக் கடிதம் எத்தனை மாதம் கிடக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தால் உங்கள் நான்கு பக்கத்துக்கு ஒரு பிரயோஜனம் இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லை என்ற பேச்சுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்கெய்ம் 1897-ல் தற்கொலை பற்றி எழுதிய நூலில் ஐரோப்பியப் படைகளின் தற்கொலைக் கணக்கு அட்டவணை அட்டவணையாக இருக்கிறது. அவர் கண்டது உங்களுக்குக் கசக்கும். புதிதாகச் சேர்ந்த பயல்களைவிட, சர்வீஸ் நீட்டித்துப் படையிலேயே ஊறியவர்களிடம்தான் விகிதம் அதிகம். தொடைநடுங்கிகள்தான் சாகிறார்கள் என்ற கதை அன்றைக்கே அடிபட்டுப்போனது. நம் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவும் படைகளில் மன அழுத்தம் பற்றி 2008-லேயே தனி அறிக்கை கொடுத்திருக்கிறது.

ஆளெடுப்பிலேயே கழித்துவிடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடக்காது. ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள். யார் தற்கொலைக்கு முயல்வார் என்று முன்கூட்டிச் சொல்வதில் நமக்குள்ள திறமை, காசு சுண்டிப் பார்ப்பதைவிட ஒரு மயிரிழைதான் மேல். பதினெட்டு வயதில் வாசலில் நிற்பவனைப் பார்த்து, முப்பத்தைந்து வயதில் அவனுக்கு என்ன ஆகும் என்று சொல்கிற பரீட்சை உலகத்தில் எங்கும் இல்லை.

கவுன்சலிங் கோழையாக்கும் என்கிறீர்கள். உங்கள் படை அப்படி நினைக்கவில்லை. 14416 என்ற டெலி-மனாஸ் உதவி எண் 2022 அக்டோபரில் நாட்டுக்கே தொடங்கியது. படையினருக்கென்று தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் திறந்தது. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. ஜவான் ஏன் வாய் திறப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியாததா? படையில் உடல் தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்தெழுத்தில் எழுதுவார்கள். முதல் எழுத்தான எஸ், மனநிலை. அந்த எஸ் ஒன்றிலிருந்து கீழே இறங்கினால் புரமோஷன், நல்ல போஸ்டிங், கோர்ஸ் எல்லாம் ஆட்டம் காணும். மனநல டாக்டரிடம் போனால் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 என்று ஒரு படிவம் உண்டு. ஆள் எப்படிப்பட்டவன், வேலை எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று கமாண்டிங் ஆபீசர் நிரப்பி அனுப்ப வேண்டும். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொல்லப் போனவனைப் பற்றி யூனிட்டே பேசும். ‘சைக்கியாட்ரி கேஸ்’ என்று பேர் விழும். இத்தனையையும் தெரிந்துகொண்டு ஒருவன் வாயை மூடிக்கொண்டால் அது கோழைத்தனம் இல்லை, கணக்கு.

அதற்கு மேல் சட்டம். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. ஆனால் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 64(சி) பிரிவில் தற்கொலை முயற்சி இன்னும் குற்றம். கோர்ட் மார்ஷலில் ஏழு ஆண்டுவரை சிறை. செங்கல்பட்டில் ஒரு கடைக்காரருக்கு நோய் என்று சட்டம் சொல்வது, சீருடை போட்ட அவர் தம்பிக்குக் குற்றம். உதவி கேள் என்று ஒரு கையால் போன் நம்பரைக் கொடுத்து, மறு கையில் ஏழு வருஷத்தை வைத்திருக்கிறோம். நான்கு பக்கத்தில் இதற்கு அரை வரிகூட இல்லை.

நான்காவது வாதம்தான் உயிரைக் குடிக்கிறது. முடிவெடுத்தவனைத் தடுக்க முடியாது என்பது உண்மையாக இருந்திருந்தால், முயன்று பிழைத்தவர்கள் எல்லோரும் பிறகு அப்படியே இறந்திருக்க வேண்டும். ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த எண்ணம் அலைபோல் ஏறி இறங்குகிறது. ஏறி நிற்கும் நேரத்தில் கூட ஆள் இருந்தால், ஆபத்தான பொருள் எட்டாமல் இருந்தால், ஆள் தப்பிக்கிறான். இஸ்ரேல் ராணுவம் 2006-ல் ஓர் உத்தரவு போட்டது. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். இளம் வீரர்களின் தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது வார இறுதி நாட்களில்தான். மற்ற நாட்களில் பெரிய மாற்றமில்லை. கர்னல் சொல்வது சரியென்றால் சனிக்கிழமை முடியாதவன் செவ்வாய்க்கிழமை செய்திருக்க வேண்டுமே? செய்யவில்லை.

அமெரிக்கா என்ன கண்டது என்று கேட்டீர்கள். கண்டதைச் சொல்கிறேன். அமெரிக்க விமானப்படை 1996-ல் தற்கொலைத் தடுப்பை டாக்டர் தலையில் மட்டும் கட்டாமல் தளபதிகளின் பொறுப்பாக்கியது. ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2004-ல் திட்டத்தைச் சரிவர நடத்தாமல் விட்டபோது எண் மறுபடி ஏறியது. ஃபோர்ட் கார்சன் முகாமில் 152 வீரர்களிடம் நடத்திய சோதனையில், குறுகிய கால அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள் மறுபடி முயல்வது இரண்டு ஆண்டில் 60 சதவீதம் குறைவு. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், ஆபத்து ஏறும்போது யாரைக் கூப்பிடுவது, எதை வீட்டிலிருந்து அகற்றுவது என்று ஒரு தாளில் நோயாளியோடு சேர்ந்து எழுதி, பிறகு போனில் விசாரித்தார்கள். 1,640 பேரைப் பார்த்த அந்த ஆய்வு 2018-ல் வந்தது; ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை 45 சதவீதம் குறைவு. பலன் தராதவையும் உண்டு. லித்தியம் மாத்திரையைச் சோதித்தார்கள், பயனில்லை என்று 2021-ல் ஒப்புக்கொண்டு எழுதினார்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது. நமக்குத் தெரிவது வாய்ச்சவடால் மட்டும்.

வெளிநாட்டுச் சரக்கு நமக்கு ஒத்துவராது என்பீர்கள். சரி, சென்னைக்கே வருவோம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்திய சோதனையில் சென்னையும் ஒன்று. இங்கே அதில் பங்கெடுத்தவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார், 1986-ல் ‘சிநேகா’வைத் தொடங்கியவர். ஐந்து நகரங்களிலும் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. அவ்வளவுதான். 2008-ல் வந்த முடிவின்படி, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், விசாரித்த பிரிவில் 0.2 சதவீதம். பரங்கிமலை ராணுவ மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே சோதித்த மருந்து இது. விலை, ஒன்பது போன் கால்.

கடைசியாக, கட்டுரை தொடாமலே விட்ட ஆட்கள். கூட்டம் முன்னாள் படைவீரர்களுடையது. கட்டுரையில் முன்னாள் படைவீரர் ஒருவர்கூட இல்லை. சிப்பாயும் நாயக்கும் நாற்பது வயதை ஒட்டிப் பென்ஷனில் வந்துவிடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில், வீட்டுக் கடன் பாக்கி. மகிந்திரா சிட்டியிலும் ஒரகடத்திலும் கம்பெனி கேட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நிற்பது அவர்கள்தான். நேற்றுவரை ஒரு செக்‌ஷனை நடத்தியவர், இன்று இருபத்திரண்டு வயது சூப்பர்வைசர் ‘என்னய்யா தூங்குறியா’ என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு வண்டி நம்பரை எழுதுகிறார். திரும்பி வந்திருப்பதும் 2022-ல் லட்சத்துக்கு 25.9 என்ற தற்கொலை விகிதம் கொண்டிருந்த தமிழ்நாட்டுக்கு. நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்கு.

இவர்களில் ஒருவர் இறந்தால் என்ன ஆகிறது? போலீஸ், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 194-ஆம் பிரிவில் விசாரிக்கிறது. குற்ற ஆவணக் காப்பகத்தின் தொழில்வாரிப் பட்டியலில் அவர் தனியார் ஊழியராகவோ ஓய்வுபெற்றவராகவோ ஒரு கட்டத்துக்குள் விழுகிறார். முன்னாள் படைவீரர் என்ற கட்டமே இல்லை. அமெரிக்கா இறப்புப் பதிவையும் படைப் பதிவையும் ஒப்பிட்டு ஆண்டுதோறும் எண்ணை வெளியிடுகிறது. 2022-ல் 6,407 முன்னாள் வீரர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அவர்களைக் கிண்டல் செய்கிறீர்கள். எண்ணுகிறவனுக்குத்தான் எண் இருக்கும். நம் ஊரில் ஒப்பிடுவது முடியாத காரியமும் அல்ல. பென்ஷனர் இறந்தால் ‘ஸ்பர்ஷ்’ பென்ஷன் இணையதளத்தில் குடும்ப ஓய்வூதியம் மாறியாக வேண்டும். போலீஸ் கோப்பில் காரணம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் உத்தரவு போடவில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை உயிர்ச் சான்று கேட்கிறார்கள். விரல் ரேகை வைத்து, உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கிறோம். எப்படி இருக்கிறாய் என்று கேட்க அந்த இரண்டு நிமிடம் போதும், யாரும் கேட்பதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் சுகருக்கும் பிரஷருக்கும் பார்ப்பதுபோல் தூக்கத்தையும் குடியையும் பற்றி நான்கு கேள்வி கேட்டு எழுதலாம். இதைப் படிக்கிற தோழர்களில் யாருக்காவது மனம் கனத்துக் கிடந்தால் 14416-க்குப் பேசுங்கள், சென்னை சிநேகாவின் 044-24640050-க்குப் பேசுங்கள். பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாது.

கர்னல் சார், ஹவில்தார் எழுதும் மனுவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் லெட்டர்ஹெட்டைத் தள்ளமாட்டார்கள். மூன்றே மூன்று கோரிக்கை எழுதுங்கள். ராணுவச் சட்டத்திலிருந்து 64(சி)-யை நீக்க வேண்டும். லீவ் முடிந்து வருகிற ஒவ்வொருவனோடும் யூனிட்டில் உட்கார்ந்து பேசுவது கமாண்டிங் ஆபீசரின் எழுதப்பட்ட கடமையாக வேண்டும். முன்னாள் படைவீரர் தற்கொலைகளை ஆண்டுதோறும் தனியாக எண்ணி வெளியிட வேண்டும். வீட்டுப் பிரச்சினை என்பதில் நீங்கள் கடைசிவரை உறுதியாகவே இருங்கள், ஆட்சேபமில்லை. வீடு எரிந்தாலும் அணைக்கிற வேலை தீயணைப்புப் படைக்குத்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதன் கீழே இரண்டாவது கையெழுத்து என்னுடையது.